'யார் கண்டுபிடித்தார்?' என்னும் கேள்வியும் குண்டு பல்பின் வரலாறும்

ஆண்டுதோறும் அக்டோபர் 21ஆம் நாள் நெருங்கும்போது குண்டு பல்பைப் பற்றிய இருவகைப் பதிவுகள் இங்கே வலம்வரத் தொடங்கும். பல்லாயிரம் முறை தோற்றும் மனம் தளராத எடிசன் என்னும் தனிமனிதர் உலகிற்கு ஒளி தந்தார் என்பது முதல் வகை. நூறாண்டு எரியக்கூடிய பல்பைப் பெருநிறுவனங்கள் கூட்டுச்சதி செய்து ஒழித்துவிட்டன என்பது இரண்டாம் வகை. முதலாவதில் ஒரு நாயகன் இருக்கிறார். இரண்டாவதில் ஒரு வில்லன் இருக்கிறான். இரண்டிலுமே பல்பு இல்லை. அதன் இழை எந்த வெப்பநிலையில் எரிந்தது, ஏன் அறுந்தது, கண்ணாடி ஏன் கறுத்தது என்ற கேள்விகள் அவற்றில் எழுவதே இல்லை.

இயற்பியலில் ஆய்வு செய்பவன் என்ற முறையிலும், இளநிலை மாணவர்களின் ஆய்வக வகுப்புகளில் உடனிருப்பவன் என்ற முறையிலும் ஒரு கருத்தை இங்கே முன்வைக்க விரும்புகிறேன். அறிவியல் வரலாற்றைக் கற்பிக்கும்போது 'யார் கண்டுபிடித்தார்?' என்ற கேள்வியை முதன்மைப்படுத்துவதை நாம் கைவிட வேண்டும். அதனிடத்தில் 'எது தடையாக இருந்தது? அந்தத் தடை எப்படி விலகியது?' என்று கேட்க வேண்டும். குண்டு பல்பைப் போல இதற்குப் பொருத்தமான எடுத்துக்காட்டு வேறில்லை என்பது என் எண்ணம். பதிவு சற்றே நீளமானது. பொறுமையுடன் வாசிக்க வேண்டுகிறேன்.

1. ஒளிர்வதும் நிலைப்பதும்

குண்டு பல்பின் கோட்பாடு மிக எளியது. மின்தடை உடைய ஓர் இழையில் மின்னோட்டம் பாயும்போது அது சூடாகிறது. போதிய அளவு சூடான எந்தத் திடப்பொருளும் ஒளிரும். கொல்லன் உலையில் இரும்பு முதலில் செம்மையாகவும், பின்னர் மஞ்சளாகவும், அதன்பின் வெண்மையை நெருங்கியும் ஒளிர்வதை நாம் கண்டிருக்கிறோம். பல்பில் நடப்பதும் அதுவே.

சிக்கல் அளவில் இருக்கிறது. இன்றைய டங்ஸ்டன் இழை ஏறத்தாழ 2,500 டிகிரி செல்சியசில் எரிகிறது. அந்த வெப்பநிலையிலும் கதிர்வீச்சின் உச்சம் ஏறத்தாழ ஒரு மைக்ரோமீட்டர் அலைநீளத்தில், அதாவது கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பில்தான் விழுகிறது. செலவாகும் ஆற்றலில் நூற்றுக்கு 5 முதல் 10 பங்கு மட்டுமே கண்ணுக்குத் தெரியும் ஒளியாகிறது. உச்சத்தைக் கட்புலப் பகுதிக்குள் கொண்டுவர வேண்டுமானால் சூரியனின் மேற்பரப்பை ஒத்த வெப்பநிலை தேவை. அந்த வெப்பநிலையில் திண்மமாகவே நிற்கும் பொருள் எதையும் நாம் அறியோம்.

ஆகவே விளக்கு செய்பவர் எதிர்கொண்ட முரண் இதுதான்: இழை எவ்வளவு சூடாகிறதோ அவ்வளவு திறனுடன் ஒளிரும், அவ்வளவு விரைவாக அழியவும் செய்யும். உருகுவது ஒருவகை அழிவு. காற்றில் உள்ள ஆக்சிஜனுடன் சேர்ந்து எரிந்துபோவது இரண்டாவது வகை. இவ்விரண்டிலிருந்தும் தப்பினாலும் மூன்றாவது ஒன்று காத்திருக்கிறது: திண்ம நிலையிலிருந்தே அணுக்கள் மெல்ல மெல்ல ஆவியாகிப் பிரிந்து செல்வது. இழையில் எங்கேனும் ஓரிடம் மற்ற இடங்களைவிடச் சிறிது மெலிந்திருந்தால் அவ்விடத்தில் மின்தடை கூடும். மின்தடை கூடினால் சூடு கூடும். சூடு கூடினால் ஆவியாதல் விரைவுறும். அவ்விடம் மேலும் மெலியும். இறுதியில் ஒருநாள் அங்கேயே அறும்.

அது பெரும்பாலும் விளக்கை ஏற்றும் நொடியில் அறுவதற்கும் காரணம் உண்டு. 230 வோல்ட்டில் எரியும் 60 வாட் பல்பின் இழைக்கு, எரியும்போது ஏறத்தாழ 880 ஓம் மின்தடை இருக்கும். குளிர்ந்த நிலையில் அதே இழையின் மின்தடை அதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆகவே விசையைத் தட்டிய கணத்தில் பன்மடங்கு மின்னோட்டம் பாய்கிறது. ஏற்கெனவே மெலிந்த இடம் அந்த அதிர்ச்சியைத் தாங்குவதில்லை.

குண்டு பல்பின் நூற்றாண்டுக்கும் மேற்பட்ட வரலாறு முழுவதையும் இந்த ஒரு முரணோடு நடந்த பேரமாகவே வாசிக்க முடியும்.

2. 1879க்கு முந்தைய எழுபது ஆண்டுகளுக்கு மேல்

1802இல் லண்டனில் ஹம்ப்ரி டேவி, வோல்ட்டாவின் மின்கல அடுக்கைக் கொண்டு பிளாட்டினத் துண்டை ஒளிரச் செய்தார். மின்னால் சூடாகி ஒளிரும் விளக்கு கொள்கையளவில் அன்றே பிறந்துவிட்டது. 1841இல் பிரடெரிக் டி மோலெய்ன்ஸ் இத்தகைய விளக்குக்கு இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றார். ரஷ்யாவில் அலெக்சாண்டர் லொடிகின், கனடாவில் வுட்வர்டும் எவன்சும், அமெரிக்காவில் சாயரும் மேனும், இங்கிலாந்தில் ஜோசப் ஸ்வான் என்று 1870களின் இறுதிக்குள் பலர் எரியும் விளக்கைச் செய்து காட்டியிருந்தனர்.

'யார் முதலில்?' என்று கேட்டால் இந்தப் பட்டியல் முடிவற்ற வழக்காடலாகிவிடும். ஒவ்வொரு நாடும் தன் நாயகனை முன்னிறுத்தும். 'ஏன் எழுபது ஆண்டுகளுக்கும் மேலாக இவற்றில் ஒன்றுகூடப் பயன்பாட்டுக்கு வரவில்லை?' என்று கேட்டால் விடைகள் கைக்கு எட்டுகின்றன.

பிளாட்டினத்தின் உருகுநிலை ஏறத்தாழ 1,770 டிகிரி. நல்ல ஒளி தரும் வெப்பநிலை அதன் உருகுநிலையை ஒட்டியே இருந்ததால், சற்றே பிசகினாலும் இழை உருகிவிடும். கரிமம் அப்படி உருகாது; ஆனால் காற்றில் எரிந்துவிடும். ஆகவே கரிம இழை வேண்டுமானால் உயர்தர வெற்றிடம் வேண்டும். அக்காலத்து உந்து பம்புகளால் அத்தகைய வெற்றிடத்தை உண்டாக்க முடியவில்லை.

இங்கேதான் நம் பாடநூல்களில் பெரும்பாலும் இடம்பெறாத ஒரு பெயர் வருகிறது: ஹெர்மன் ஸ்பிரெங்கல். ஜெர்மனியில் பிறந்து லண்டனில் பணியாற்றிய இந்த வேதியியலாளர் 1865இல் பாதரசப் பம்பு ஒன்றை வெளியிட்டார். குறுகிய கண்ணாடிக் குழாயின் வழியே பாதரசத் துளிகள் விழும். ஒவ்வொரு துளிக்கும் அடுத்த துளிக்கும் இடையே சிறிது காற்று சிக்கிக் கீழே இழுத்துச் செல்லப்படும். மெதுவான முறைதான். ஆனால் அதுவரை எட்ட முடியாதிருந்த வெற்றிடம் இதனால் கைகூடியது. வில்லியம் குரூக்ஸ் 1870களில் இத்தகைய பம்பைக் கொண்டு வெற்றிட ஆய்வுகளை மேற்கொண்டார். அந்த ஆய்வுகளே ஸ்வானையும் எடிசனையும் வெற்றிடத்தின் பக்கம் மீண்டும் திருப்பின.

கண்ணாடியில் காற்றை வெளியேற்றியது மட்டும் போதவில்லை. கரிம இழை தனக்குள்ளேயே வாயுக்களை ஒளித்து வைத்திருந்தது. முதன்முறை சூடாகும்போது அவை வெளிப்பட்டு வெற்றிடத்தைக் கெடுத்தன. பம்பு இயங்கும்போதே இழையைச் சூடாக்கி அந்த வாயுக்களையும் வெளியேற்ற வேண்டும் என்பதை ஸ்வான், எடிசன் இருவருமே கண்டுகொண்டனர். கண்ணாடிக்குள் கம்பி நுழையும் இடத்தில் விரிசல் விழாதிருக்க வேண்டும் என்பது இன்னொரு தடை. கண்ணாடியைப் போலவே விரிவடையும் உலோகமாகப் பிளாட்டினம் இருந்ததால், விலை மிகுந்திருந்தும் நெடுங்காலம் அதையே பயன்படுத்தினர். பிற்காலத்தில் செம்பு போர்த்திய நிக்கல்-இரும்புக் கம்பி அந்தச் செலவைக் குறைத்தது.

3. எடிசன் செய்தது என்ன?

இப்படிச் சொல்வதால் எடிசனைச் சிறுமைப்படுத்துவதாக யாரும் கருத வேண்டியதில்லை. அவருடைய உண்மையான பங்களிப்பு, பொதுவாகப் புகழப்படும் பங்களிப்பைவிடச் சிறந்தது என்பதே என் வாதம்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். 100 வாட் எடுத்துக்கொள்ளும் விளக்கின் மின்தடை 1 ஓம் என்றால், அதற்கு 10 வோல்ட்டும் 10 ஆம்பியரும் வேண்டும். மின்தடை 100 ஓம் என்றால், 100 வோல்ட்டும் 1 ஆம்பியரும் போதும். விளக்கின் ஆற்றல் இரண்டிலும் ஒன்றே. ஆனால் மின்கம்பியில் வீணாகும் ஆற்றல் மின்னோட்டத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருப்பதால், முதல் விளக்குக்குக் கம்பியில் நூறு மடங்கு இழப்பு. அந்த இழப்பைக் குறைக்க நூறு மடங்கு தடித்த செம்புக் கம்பி வேண்டும். ஒரு தெருவுக்கு ஒளியூட்டுவதற்குள் செம்பின் விலையே திட்டத்தை மூழ்கடித்துவிடும்.

விளக்கைத் தனிப்பொருளாகப் பார்த்தவர்களுக்கு இது தென்படவில்லை. ஸ்வானின் தொடக்ககால விளக்குகளில் குறைந்த மின்தடை உடைய தடித்த கரிமத் தண்டுகளே இருந்தன. மென்லோ பார்க்கில் எடிசனும், ஹெல்ம்ஹோல்ட்சிடம் பயின்று வந்த கணித இயற்பியலாளர் பிரான்சிஸ் அப்டனும், மின்னாக்கி, கம்பி, விளக்கு ஆகிய மூன்றையும் சேர்த்தே கணக்கிட்டனர். அக்கணக்கிலிருந்து 'உயர் மின்தடை கொண்ட மெல்லிய இழை வேண்டும்' என்ற தேவை பிறந்தது. என்ன தேட வேண்டும் என்று தெரிந்த பின்னரே தேடல் பொருளுடையதாயிற்று. சார்லஸ் பேச்சலரின் கைத்திறன் இழைகளை உருவாக்கியது. பான் நகரில் ஹைன்ரிக் கைஸ்லரிடம் தொழில் பயின்ற லூட்விக் போம் கண்ணாடிக் குமிழ்களை ஊதினார். பிரான்சிஸ் ஜெல் பாதரசப் பம்புகளின் முன் மணிக்கணக்கில் நின்றார்.

1879 அக்டோபர் 22ஆம் நாள் அதிகாலையில் ஏற்றப்பட்ட, கரியாக்கப்பட்ட பருத்தி நூலிழை ஏறத்தாழ பதின்மூன்றரை மணி நேரம் எரிந்தது என்கிறது ஆய்வகக் குறிப்பேடு. நாற்பது மணி நேரம் என்பது பின்னர் வளர்ந்த கதை. நாளும் ஒருநாள் முன்னே நகர்ந்து அக்டோபர் 21 ஆகிவிட்டது. 'பத்தாயிரம் தோல்விகள்' என்று நாம் பகிரும் செய்தியின் வேரைத் தேடினால், 1910இல் வெளிவந்த எடிசன் வாழ்க்கை வரலாற்றில், ஆயிரக்கணக்கான சோதனைகளைப் பற்றிய அந்த நிகழ்ச்சி விளக்கைக் குறித்தது அன்று. சேமிப்பு மின்கலத்தைக் குறித்தது.

1882 செப்டம்பர் 4ஆம் நாள் நியூயார்க்கின் பேர்ல் தெருவில் மின்நிலையம் இயங்கத் தொடங்கியபோது ஏறத்தாழ 400 விளக்குகள் எரிந்தன. அன்று வெற்றி பெற்றது ஒரு பல்பு அன்று. ஒரு முழு அமைப்பு. அமைப்பு எங்கே செல்கிறதோ அங்கேதான் ஒளியும் செல்லும் என்பதற்கு நம் நாட்டிலும் சான்று உண்டு. காவிரியின் சிவசமுத்திரத்தில் 1902இல் உற்பத்தியான மின்சாரம் முதலில் சென்றது கோலார் தங்கச் சுரங்கங்களுக்கு. பெங்களூரின் தெருவிளக்குகள் அதற்காக 1905 வரை காத்திருந்தன. பல்பு அப்போது புதுமையே அன்று. கம்பியும் முதலீடும் யார் வாசலுக்கு முதலில் வந்தன என்பதே கேள்வி.

4. நீதிமன்றத்தில் ஒரு பாடம்

காப்புரிமை வழக்குகளை ஆர்வமூட்டும் சண்டைகளாக மட்டும் படித்துவிட்டுக் கடந்துவிடுகிறோம். அவற்றுள் ஒன்று ஆய்வு மாணவர் ஒவ்வொருவரும் படிக்கத் தக்கது. சாயரும் மேனும் பெற்ற காப்புரிமை, கரியாக்கப்பட்ட நார்ப்பொருள்கள், நெசவுப்பொருள்கள் அனைத்தையும் விளக்கிழையாகப் பயன்படுத்தும் உரிமையைக் கோரியது. அவர்கள் உண்மையில் பயன்படுத்தியது கரியாக்கிய தாளையும் மரத்தையுமே. எடிசனின் மூங்கில் இழையும் தங்கள் உரிமைக்குள் அடங்கும் என்று அவர்கள் தரப்பு வாதிட்டது.

1895இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அக்கோரிக்கையை நிராகரித்தது. எடிசன் 6,000க்கும் மேற்பட்ட தாவர வகைகளை ஆராய்ந்ததையும், அவற்றுள் மிகச் சில மூங்கில் வகைகளும் பிரம்பு வகை ஒன்றுமே தேறியதையும் தீர்ப்பு சுட்டிக்காட்டியது. எல்லா நார்களுக்கும் பொதுவான எந்தப் பண்பு அவற்றை விளக்குக்குத் தகுதியாக்குகிறது என்று காட்டாமல், எல்லா நார்களையும் உரிமை கொண்டாட முடியாது என்பதே அதன் சாரம். நூற்றிருபத்தெட்டு ஆண்டுகளுக்குப் பின், 2023இல், எதிர்ப்புரதங்கள் குறித்த ஆம்ஜென்–சனோஃபி வழக்கிலும் அதே நீதிமன்றம் இத்தீர்ப்பை எடுத்துக்காட்டியது. ஓரிரு மாதிரிகளை அளந்துவிட்டு 'இவ்வகைப் பொருள்கள் அனைத்தும்' என்று முடிவுரை எழுதும் ஆய்வேடுகளின் காலத்தில் இதைவிடப் பொருத்தமான பாடம் எது?

இவ்வரிசையில் லூயிஸ் லாட்டிமரையும் நினைவுகூர வேண்டும். அடிமைத்தளையிலிருந்து தப்பி வந்த பெற்றோருக்குப் பிறந்த இவர், எடிசனின் போட்டி நிறுவனமொன்றில் பணியாற்றியபோது கரிம இழை தயாரிக்கும் மேம்பட்ட முறைக்கு 1882இல் காப்புரிமை பெற்றார். பின்னர் எடிசன் நிறுவனத்தில் சேர்ந்து காப்புரிமை வழக்குகளில் வல்லுநர் சான்று அளித்தார். 'யார் முதலில்?' என்ற கேள்விக்கான விடையில் அவருக்கு இடமில்லை. 'இழையை ஒரே சீராகவும் மலிவாகவும் செய்வதற்கு எது தடையாக இருந்தது?' என்று கேட்டால் அவர் தவறாமல் வருவார்.

5. டங்ஸ்டன்: யாரும் கொண்டாடாத புரட்சி

எடிசனின் கரிம விளக்கு ஒரு வாட்டுக்கு இரண்டு மூன்று லூமென் ஒளியே தந்தது. கரிமம் உருகாவிட்டாலும் 1,800 டிகிரியைத் தாண்டினால் விரைந்து ஆவியாகிக் கண்ணாடியைக் கறுப்பாக்கிவிடும். நாம் வீடுகளில் கண்ட குண்டு பல்பு எடிசனுடையது அன்று, அது டங்ஸ்டனுடையது.

டங்ஸ்டனின் உருகுநிலை 3,422 டிகிரி. உலோகங்களிலேயே மிக உயர்ந்தது. ஆனால் அது கண்ணாடியைப் போல் நொறுங்கக்கூடியது. 1904இல் யூஸ்டும் ஹனமனும் ஹங்கேரியில் டங்ஸ்டன் இழைக்குக் காப்புரிமை பெற்றனர். அவ்விழைகள் நன்கு ஒளிர்ந்தன. சிறு அதிர்ச்சியிலும் உடைந்தன. ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வகத்தில் வில்லியம் கூலிட்ஜ் சில ஆண்டுகள் இதோடு போராடி, 1910 அளவில் வெற்றி கண்டார். டங்ஸ்டன் தூளை அழுத்தி, கட்டியாகச் சுட்டு, சூடான நிலையில் மீண்டும் மீண்டும் அடித்து நீட்டி, வெப்பநிலையைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே சென்றால், அது வளையும் கம்பியாகிறது. மற்ற உலோகங்கள் அடிக்க அடிக்க இறுகி முறியும். டங்ஸ்டன் இம்முறையில் நெகிழ்கிறது.

அப்போதும் ஒரு சிக்கல் எஞ்சியது. நெடுநேரம் எரியும்போது இழையின் உட்படிகங்கள் வளர்ந்து, ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி, இழை தொய்ந்தது. தூளுடன் பொட்டாசியம் அடங்கிய சேர்மங்களைச் சிறிதளவு சேர்த்தால் தொய்வு நிற்பதைத் தொழிற்சாலைகள் கண்டன. ஏன் என்பது பல பத்தாண்டுகளுக்குப் பின் எலக்ட்ரான் நுண்ணோக்கிகள் வந்த பிறகே விளங்கியது: கம்பிக்குள் வரிசையாக அமையும் மிக நுண்ணிய பொட்டாசியக் குமிழ்கள் படிக எல்லைகளை அசையவிடாமல் பிடித்துக்கொள்கின்றன. அதுவரை கோடிக்கணக்கான பல்புகள், காரணம் தெரியாமலேயே, அக்குமிழ்களின் தயவில் எரிந்தன.

1909இல் அதே ஆய்வகத்தில் சேர்ந்த இர்விங் லாங்முயர் கேட்ட கேள்வியோ இன்னும் அடிப்படையானது: பல்பு ஏன் கறுக்கிறது? வெற்றிடம் போதாமைதான் காரணம் என்பது பொதுக்கருத்து. ஆகவே எல்லோரும் இன்னும் சிறந்த வெற்றிடத்தைத் தேடினர். லாங்முயர் மாறாக, ஒவ்வொரு வாயுவையும் வேண்டுமென்றே சிறிதளவு உள்ளே விட்டு விளைவை ஆராய்ந்தார். நீராவி மட்டுமே பெருங்கேடு செய்தது. அது நீங்கிய பின்னும் தொடர்ந்த கறுப்புக்குக் காரணம் டங்ஸ்டன் ஆவியாதலே. அப்படியானால் நைட்ரஜன், ஆர்கான் போன்ற வினைபுரியா வாயுவை நிரப்பினால் ஆவியாகும் அணுக்கள் தடைபடும். ஆனால் வாயு வெப்பத்தையும் கடத்திச் செல்லும். இழையைச் சுற்றி அசையாத வாயுப்படலம் ஒன்று நிற்பதையும், அதன் தடிமன் இழையின் தடிமனைப் பெரிதும் சார்ந்ததன்று என்பதையும் அவர் கண்டார். ஆகவே இழையை நெருக்கமான சுருளாக்கினால் அது தடித்த ஒற்றை உருளையைப் போல் நடந்துகொள்ளும்; வெப்ப இழப்பு குறையும். 1913இல் வாயு நிரப்பிய சுருளிழை விளக்கு உருவானது. நாம் கண்ணாடிக்குள் பார்த்த அந்தச் சின்னஞ்சிறு சுருள், அழகுக்காகவோ இடத்தைச் சுருக்குவதற்காகவோ மட்டும் அமைந்ததன்று.

வெற்றிடத்தைத் தேடி எழுபது ஆண்டுகள் அலைந்த விளக்கு, இறுதியில் வாயுவை ஏற்றுக்கொண்டு முதிர்ந்தது. நாயகனை மையமாகக் கொண்ட வரலாறு இந்த அழகிய திருப்பத்தைத் தன் வாசகருக்குக் காட்டுவதே இல்லை.

6. சதியும் இயற்பியலும்

இனி வில்லன் கதைக்கு வருவோம். 1924இல் ஜெனீவாவை மையமாகக் கொண்டு உலகின் முன்னணி விளக்கு நிறுவனங்கள் போபஸ் என்னும் கூட்டணியை அமைத்தது உண்மை. சந்தையைப் பங்கிட்டதும், பல்பின் ஆயுளை 1,000 மணி நேரமாக வரையறுத்ததும், மீறிய உறுப்பினர்களுக்கு அபராதம் விதித்ததும் உண்மை. போட்டியை ஒழிக்கும் அத்தகைய கூட்டணியை நான் நியாயப்படுத்தவில்லை.

ஆனால் நெடுங்காலம் எரியும் பல்பு தன்னளவில் சிறந்த பல்பு என்று அதிலிருந்து முடிவு செய்வது இயற்பியலுக்கு முரணானது. மின்னழுத்தத்தை 5 விழுக்காடு குறைத்தால் பல்பின் ஆயுள் ஏறத்தாழ இரட்டிப்பாகும். ஒளியோ ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறையும். மின்செலவு அந்த அளவுக்குக் குறையாது. கலிபோர்னியாவின் லிவர்மோரில் 1901 முதல் எரிந்துவரும் புகழ்பெற்ற பல்பு இன்று சில வாட் அளவில் மங்கலாக ஒளிர்கிறது. அதனடியில் அமர்ந்து எவரும் படிக்க முடியாது. பல்பின் விலையைவிட அது வாழ்நாளில் குடிக்கும் மின்சாரத்தின் விலை பன்மடங்கு என்பதால், ஆயுளுக்கும் திறனுக்கும் இடையே ஏதோ ஓரிடத்தில் கோடு போட்டே ஆக வேண்டும். 1951இல் பிரிட்டனின் முற்றுரிமை ஆணையம் விளக்குத் தொழிலை விசாரித்தபோது, கூட்டணியின் வணிக நடைமுறைகளைக் குறைகூறியது. ஆயினும் எல்லாப் பயன்பாட்டுக்கும் ஏற்ற ஒரே ஆயுள் என்று ஒன்றில்லை என்பதை ஏற்றுக்கொண்டது. கோட்டைப் போட்டவர்களின் நோக்கத்தைக் கண்டிக்கலாம். கோடு தேவைப்பட்டதற்குக் காரணம் டங்ஸ்டனின் ஆவியழுத்தம். அதைச் சதி என்று சொல்ல முடியாது.

7. விளக்கிலிருந்து பிறந்த இயற்பியல்

'குண்டு பல்பு பழம்பொருள். எல்இடி காலத்தில் அதைப் பேசி என்ன பயன்?' என்று மாணவர்கள் கேட்பது இயல்பே. 2015இல் தொடங்கிய உஜாலா திட்டத்தின்கீழ் நம் நாட்டில் 36 கோடிக்கும் மேற்பட்ட எல்இடி பல்புகள் வழங்கப்பட்டுள்ளன. வீடுகளிலிருந்து குண்டு பல்பு விடைபெறுவது முற்றிலும் சரியே.

வகுப்பறையிலிருந்து அது விடைபெறக் கூடாது. பெர்லினில் 1887இல் நிறுவப்பட்ட இயற்பியல்-தொழில்நுட்ப நிறுவனத்தில் லும்மர், பிரிங்ஸ்ஹைம், குர்ல்பாம், ரூபென்ஸ் ஆகியோர் கரும்பொருள் கதிர்வீச்சை நுட்பமாக அளந்ததற்கு, ஒளிக்கான தர அளவை நிறுவ வேண்டிய விளக்குத் தொழிலின் தேவையும் ஒரு காரணம். அந்த அளவீடுகள் பழைய சூத்திரத்தோடு பொருந்தாமற்போனதே 1900இல் மாக்ஸ் பிளாங்கைக் குவாண்டம் கருதுகோளுக்கு இட்டுச்சென்றது. பல்பின் உட்புறம் படிந்த கறையை ஆராயும்போது எடிசன் 1880களில் கண்ட மின்னோட்டம், பின்னர் வெப்ப அயனி உமிழ்வு என்று விளக்கப்பட்டது. எடிசன் நிறுவனத்தின் லண்டன் ஆலோசகராக இருந்த பிளெமிங் 1904இல் அதிலிருந்து டயோடு வால்வை உருவாக்கினார். லாங்முயர் பல்புக்குள் வாயுக்களை ஆராய்ந்ததிலிருந்து வளர்ந்த புறப்பரப்பு வேதியியல் அவருக்கு 1932இல் நோபல் பரிசைப் பெற்றுத் தந்தது. மூன்று பெருந்துறைகளின் வாயில்கள் ஒரு கண்ணாடிக் குமிழுக்குள் இருந்தன. 'கண்டுபிடித்தவர்: எடிசன், ஆண்டு: 1879' என்று ஒரு மதிப்பெண் வினாவாக அதைச் சுருக்கி வைத்திருக்கிறோம்.

8. நாம் என்ன செய்யலாம்?

நாயகர்கள் வேண்டும், அவர்களே மாணவர்களுக்கு ஊக்கம் தருகிறார்கள் என்று மறுப்போர் உண்டு. அந்த மறுப்பில் நியாயம் இருக்கிறது. ஆனால் குடும்பத்தின் முதல் பட்டதாரியாக ஆய்வகத்துக்குள் நுழையும் மாணவிக்கு, தனிமேதையின் கதை உண்மையில் என்ன சொல்கிறது? 'நீ மேதையாகப் பிறந்திருந்தால் வா' என்றே சொல்கிறது. தடைகளின் வரலாறு வேறொன்றைச் சொல்கிறது: பம்பு இயக்கியவர், கண்ணாடி ஊதியவர், கணக்கிட்டவர், 'ஏன் கறுக்கிறது?' என்று கேட்டவர் என ஒவ்வொருவருக்கும் அங்கே வேலை இருந்தது, இன்றும் இருக்கிறது.

இதில் நம் ஆய்வுச் சூழலும் அடங்கியிருக்கிறது. எந்தெந்த மாதிரி ஏன் தோற்றது என்ற பதிவுகள் நம் ஆய்வேடுகளில் இடம்பெறுவதில்லை. தேர்வாளரும் அவற்றைக் கேட்பதில்லை. பொட்டாசியக் குமிழ்களைப் போல நம் கருவிகளை அசையாமல் பிடித்து நிற்கும் ஆய்வகப் பணியாளர்களின் பெயர், பெரும்பாலும் நன்றியுரையின் கடைசி வரியிலும் வருவதில்லை. வெற்றிட அறையின் கசிவைக் கண்டறிய ஆறு மாதம் செலவிடும் மாணவரிடம் 'புதுமை எங்கே?' என்றே கேட்கிறோம். அதே கேள்வியை ஸ்பிரெங்கலிடம் கேட்டிருந்தால் விளக்கு ஏது?

நடைமுறையில் நான்கு பரிந்துரைகள். ஒன்று: இளநிலை ஆய்வகத்தில் பல்பின் குளிர்நிலை மின்தடையை மல்டிமீட்டரால் அளந்து, எரியும் நிலையில் கணக்கிட்ட மதிப்போடு ஒப்பிடச் செய்யலாம், ஓம் விதியின் எல்லையை அதைவிட எளிதாக உணர்த்த முடியாது. இரண்டு: மின்னழுத்தத்தைப் படிப்படியாக உயர்த்தி, மின்தடையிலிருந்து இழையின் வெப்பநிலையைக் கணித்து, உமிழும் ஆற்றல் அதன் நான்காம் மடியைப் பின்பற்றுகிறதா, எங்கே விலகுகிறது, ஏன் என்று விவாதிக்கலாம். மூன்று: எடிசனின் 1880ஆம் ஆண்டுக் காப்புரிமையையும் 1895ஆம் ஆண்டுத் தீர்ப்பையும் ஆய்வுநெறிமுறை வகுப்பில் அருகருகே வைத்து வாசிக்கலாம். நான்கு: ஒவ்வொரு ஆய்வேட்டிலும் தோற்ற முயற்சிகளுக்கென ஒரு பின்னிணைப்பும், உடனுழைத்த ஆய்வகப் பணியாளர்களின் பங்கைத் தெளிவாகக் குறிக்கும் ஒரு பத்தியும் கட்டாயமாக்கப்படலாம். இவற்றுள் முதல் மூன்றுக்கும் எந்தக் குழுவின் ஒப்புதலும் தேவையில்லை. வரும் பருவத்திலேயே தொடங்கலாம்.

ஆய்வகங்களில் எஞ்சியிருக்கும் குண்டு பல்புகளைத் தயவுசெய்து தூக்கி எறிந்துவிடாதீர்கள். உங்கள் துறையில் இவ்வாறு 'யார்?' என்ற கேள்வியால் மறைக்கப்பட்ட தடைகள் எவையேனும் இருந்தால் கீழே எழுதுங்கள். வேதியியல், உயிரியல், பொறியியல் நண்பர்களின் எடுத்துக்காட்டுகளையும் மாற்றுக்கருத்துகளையும் குறிப்பாக எதிர்பார்க்கிறேன்.